நீட் தேர்வுக்குப் பழைய நூல்கள் உதவுமா?

ஒவ்வோர் ஆண்டும் நீட் தேர்வு முடிந்த சில வாரங்களில் பழைய புத்தகக் கடைகளுக்குப் புதிய சரக்கு வந்து சேர்கிறது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த அல்லிக்குளம் வளாகம் முதல் சிறு நகரங்களின் நடைபாதைக் கடைகள் வரை, இயற்பியல், வேதியியல், உயிரியல் கையேடுகளும் வினா வங்கிகளும் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. பயிற்சி மையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்கள் அவற்றைக் கையில் எடுத்துப் புரட்டுகின்றன. பிறகு, பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்ப வைத்துவிடுகின்றனர். பிள்ளையின் எதிர்காலத்தில் சிக்கனம் பார்த்து ஓராண்டை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

இந்த அச்சத்தைப் பொருளியல் மாணவர்கள் நன்கறிவர். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, நல்ல காரும் மோசமான காரின் விலைக்கே மதிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அக்கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. பழைய தேர்வு நூல்களின் சந்தை இதைவிட விசித்திரமானது. இங்கு நூலின் குறை வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஆனால், கார் எஞ்சினைப் போலன்றி, நூலின் குறையைப் பிரித்துப் பார்த்தே கண்டறிந்துவிடலாம். அதற்குத் தேவையான ஆவணம், தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டுள்ள நீட் பாடத்திட்டம். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நூலின் விலைத் தள்ளுபடியில் பெரும்பகுதி, இந்த ஒப்பீட்டை யாரும் செய்யாததால் கிடைக்கும் தள்ளுபடி என்பதே என் கணிப்பு.

எது மாறியது என்பதைப் பார்ப்போம். கரோனா காலத்துக்குப் பின் என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களைச் சுருக்கியது. அதையொட்டி 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்காக நீட் பாடத்திட்டமும் திருத்தப்பட்டது. வேதியியலில் திடநிலைமை, பருப்பொருளின் நிலைகள், புறப்பரப்பு வேதியியல், ஹைட்ரஜன், எஸ்-தொகுதித் தனிமங்கள், உலோகங்களைப் பிரித்தெடுத்தல், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல், சுற்றுச்சூழல் வேதியியல் ஆகியவை நீங்கின. உயிரியலில் தாவரங்களில் பொருள்கள் கடத்தப்படுதல், கனிம ஊட்டம், செரிமானம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் போன்றவை விடைபெற்றன. இயற்பியலில் வெர்னியர் அளவி, திருகு அளவி முதலிய ஆய்வகத் திறன்கள் தனி அலகாகச் சேர்ந்தன. ஆக, பழைய நூலில் பெரும்பாலும் இருப்பது மிகுதியே தவிர, பற்றாக்குறை அன்று. நீக்கப்பட்ட பாடங்களின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் போதும். மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் அப்பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட வேண்டாம். திடநிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் அவர்களுடைய பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உரியவை.

பழைய நூலே தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. பி-தொகுதித் தனிமங்கள் நீட் பாடத்திட்டத்தில் இன்றும் நீடிக்கின்றன, சுருக்கப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. வேதியியல் நூல்களிலோ அந்தப் பாடம் இல்லை. புதிய பதிப்பை மட்டும் வாங்கிய மாணவர் அதை வேறெங்கோ தேட வேண்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலிலும் இது இரண்டு அலகுகளாக, தமிழிலேயே உள்ளது. தனியார் கையேடுகளைத் தேடி அலைவோரில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

மாதிரித் தேர்வு நூல்களில் முரண் இன்னும் சுவையானது. 2021 முதல் 2024 வரை 200 வினாக்கள் தரப்பட்டு, அவற்றில் 180-க்கு விடையளித்தால் போதும் என்ற முறை இருந்தது. 2025-இல் தேர்வு பழைய வடிவத்துக்கே திரும்பியது: 180 வினாக்கள், 180 நிமிடங்கள், தெரிவுக்கு இடமில்லை. எனவே, நேரத்தை அளந்து பழகுவதற்கு 2022-இல் அச்சான மாதிரித் தேர்வு நூலைவிட 2019-இல் அச்சானது பொருத்தமாக இருக்கிறது. ஆண்டுதோறும் அட்டையில் புதிய ஆண்டு எண்ணுடன் வரும் கையேடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஓராண்டு வினாத்தாள் கூடியிருக்கும், நடுப்பகுதி அசையாமல் இருக்கும். அந்த வினாத்தாளோ இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது.

பாடத்துக்குப் பாடம் நூலின் ஆயுள் வேறுபடும். இயற்பியல் நூலுக்கு மூப்பு மிகக் குறைவு. 1992-இல் வெளிவந்த எச்.சி. வர்மாவின் இயற்பியல் நூல்கள் இன்றும் மாணவர் மேசைகளில் இருக்கின்றன. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: கிலோகிராமின் வரையறை 2019-இல் மாறிவிட்டது; பிரான்ஸில் உள்ள உலோக உருளையைக் காட்டும் வரையறை இனி வரலாறு. வேதியியலிலும் 113, 115, 117, 118-ஆம் தனிமங்களுக்கு 2016-இல்தான் நிரந்தரப் பெயர்கள் சூட்டப்பட்டன. மொத்தம் 720 மதிப்பெண்களில் 360-ஐக் கொண்ட உயிரியலுக்கு மட்டும் நான் சிக்கனம் பார்க்கச் சொல்லமாட்டேன். அதில் பாடநூலின் வரிகளையும் படங்களையும் ஒட்டியே வினாக்கள் அமைகின்றன. நடப்புப் பதிப்பு என்.சி.இ.ஆர்.டி. நூலை வாங்குவதோ, இலவசமாகத் தரவிறக்கிக் கொள்வதோ அவசியம். மிச்சப்படும் பணத்தில் அதை அச்செடுத்துக் கொள்ளலாம்.

தமிழ்வழி மாணவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பழைய புத்தகக் கடையில் கிடைப்பவை ஏறத்தாழ எல்லாமே ஆங்கில நூல்கள். வினாத்தாள் தமிழில் வந்தாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளின் மொழிபெயர்ப்புப் பிழைகள் நீதிமன்றம் வரை சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இம்மாணவருக்கு மலிவு விலை ஆங்கிலக் கையேடு கடினமாகத் தோன்றினாலும், மாநிலப் பாடநூல்களில் உள்ள கலைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இரு மொழியிலும் சொல் பழகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. விடைப் பக்கங்கள் முழுமையாக உள்ளனவா என்று பாருங்கள். முதலில் கிழிவது அவைதாம். விடைகள் பேனாவால் குறிக்கப்பட்ட வினா வங்கி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், கண் தானாகவே குறியிட்ட விடைக்குப் போய்விடும். பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம்.

இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்ய வேண்டிய தேவை இல்லை. எந்தப் பாடம் நீங்கியது, எது நீடிக்கிறது, அது மாநிலப் பாடநூலில் எந்த அலகில் உள்ளது என்பதைக் காட்டும் இரண்டு பக்க அட்டவணையைப் பள்ளிக் கல்வித் துறை தமிழில் வெளியிடலாம். இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு வார வேலை அது. கல்வியாண்டின் தொடக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் மாவட்ட மைய நூலகங்களிலும் அதை ஒட்டிவைத்தால், மாணவர்கள் அதன் நகலுடன் பழைய புத்தகக் கடைக்குப் போவார்கள்.