மேயரைக் கொன்ற கனவு

முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயப்பட்ட செலஸ்தாங் ஃபிரெனே, 1920இல் தென்பிரான்சின் பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்தில் ஆசிரியரானார். தொடர்ந்து கதைக்க மூச்சு காணாது. அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். திரும்பி வந்ததும் கண்டதை அவர்கள் சொல்லச் சொல்ல, கரும்பலகையில் எழுதினார்.

பிறகு சின்ன அச்சுப்பொறி ஒன்று வந்தது. பிள்ளைகளே ஈய எழுத்துகளைக் கோத்துத் தாங்கள் எழுதியதை அச்சடித்தார்கள். 1926 தொடக்கம் அந்தத் தாள்கள் தூரத்துப் பிரிட்டனியில், கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றுக்குத் தபாலில் போயின. சிவப்பு மையோட திரும்பி வாற கொப்பி இல்லை இது. 'அழகான காலை' எண்டு எழுதினால் அங்க இருக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? தோடம்பூ மணத்தைச் சொல்லத்தானே வேணும்! (நாங்கள் 'எனது பாடசாலை' கட்டுரையை ஆருக்கு எழுதினம்?)

1928இல் ஃபிரெனே சென்-போல் ஊருக்கு மாறினார். அங்கே ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுதியது: பாடசாலைப் பொருட்களை இலவசமாகத் தராத மேயருக்கு எதிராக வகுப்பே கிளம்புகிறது, கனவு கண்ட பிள்ளை அவரைக் கொன்றுவிடுகிறது. அதுவும் அச்சேறியது. 1932 கடைசியில் ஊர்ச் சுவர்களில் ஃபிரெனேக்கு எதிராகச் சுவரொட்டிகள்.

அதை வெட்டியிருக்கலாமே எண்டு எனக்கும் முதலில் பட்டது. வெட்டியிருந்தால் அந்தப் பிள்ளை அடுத்த கிழமை திரும்பவும் 'அழகான காலை'தான் எழுதியிருக்கும்.

1933இல் ஃபிரெனே அந்தப் பள்ளியை விட்டுப் போக வேண்டி வந்தது. 1935இல், பக்கத்து வான்ஸில், சொந்தமாக ஒரு பள்ளி திறந்தார்.