ரூட்

மதுரையில் 'ரூட்டு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஸ் போகும் தடம்தான். கோரிப்பாளையத்துச் செல்போன் சர்வீஸ் கடையில் ஒருவர் "அண்ணே, இதை ரூட் பண்ணணும்" என்று கேட்டால் அது வேறு சொல். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. பொருள், வேர்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸில் கோப்புகள் தலைகீழ் மரமாகக் கிளைக்கின்றன. உச்சியில் நிற்கும் ஒற்றைச் சாய்கோடுதான் வேர். அதுவரை தொட உரிமையுள்ள கணக்குக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் எண் 0. ஆண்ட்ராய்டு லினக்ஸின் மேல் ஓடுவதால் அந்தக் கணக்கு போனிலும் உண்டு, வாங்கியவர் கைக்கு மட்டும் எட்டாது. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் ஒரு விசித்திரமான பிழை: தட்டச்சு செய்வதெல்லாம் ரூட் கணக்குக்குக் கட்டளையாகவும் போய்ச் சேர்ந்தது. நண்பருக்கான செய்தியில் 'ரீபூட்' என்று அடித்தால் போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது!

இன்று அந்தக் கணக்கை எட்ட, அதாவது போனை ரூட் பண்ண, முதலில் போனை எழுப்பும் நிரலான பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ள படங்கள், எண்கள் எல்லாம் அழியும்; முன்கூட்டியே பேக்கப் எடுத்துவிடுங்கள். போனை இணைத்த கணினியின் திரை 'வெயிட்டிங் ஃபார் டிவைஸ்' என்றே நின்றால் டிரைவரையும் கேபிளையும் பாருங்கள். போன் லோகோவிலேயே சுற்றினால், பெரும்பாலும் ரூட் பண்ணுவதற்காகப் பொருந்தாத பூட் இமேஜை (போன் தொடங்கப் பயன்படும் கோப்பை) ஏற்றியிருப்பார்கள். அதே பில்டு எண்ணுக்குரிய அசல் இமேஜை ஏற்றுங்கள். அதற்கு முன் பயந்துபோய்ப் பூட்லோடரை மறுபடி பூட்டிவிடாதீர்கள். பிறகு சரிசெய்யும் வழியே அடைபடலாம்.