மதுவ விளைபொருட்களின் அழற்சி எதிர்ப்புத் தன்மை

மதுவம் அல்லது ஈஸ்ட் என்பது பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஒருகல நுண்ணுயிர் ஆகும். உணவு நொதிக்கும்போது மதுவங்கள் உருவாக்கும் சில சேர்மங்கள் அழற்சியைத் தணிக்கக்கூடியவை என ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. காயத்துக்கும் தொற்றுக்கும் எதிராக உடல் காட்டும் பாதுகாப்பு வினையே அழற்சி எனப்படும். அது நீண்டகாலம் நீடித்தால் மூட்டு, குடல், இரத்தக்குழாய் முதலியவற்றைப் பாதிக்கும்.

சேர்மங்கள்

மதுவங்கள் டிரிப்டோபன், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து முறையே டிரிப்டோபால், டைரோசால் ஆகியவற்றை உருவாக்குகின்றன. புளித்த பாலில் வாழும் குளுய்வெரோமைசிசு மார்க்சியானசு என்னும் மதுவம் இவற்றின் அசிட்டேட்டுகளை வெளியிடுகிறது. இசுரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில் இவ்விரு அசிட்டேட்டுகளும் எலிகளில் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களின் மிகைச் சுரப்பைக் குறைத்தன.

மதுவத்தின் கலச்சுவரில் உள்ள பீட்டா-குளுக்கன் வெள்ளணுக்களின் டெக்டின்-1 ஏற்பியுடன் இணைகிறது. இச்சேர்மம் சூழலைப் பொறுத்து அழற்சியைத் தணிக்கவும் தூண்டவும் கூடும்.

ஏற்காட்டில் நொதித்தல்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில் 1820களில் காப்பிப் பயிர் அறிமுகமானது. ஈரமுறைப் பதனிடுதலில், தோல் நீக்கிய காப்பிக் கொட்டையின் வழவழப்பான படலம் தொட்டிகளில் நொதிக்கவைத்து அகற்றப்படுகிறது. இதில் பாக்டீரியாக்களுடன் மதுவங்களும் பங்குகொள்கின்றன. பின்னர் கொட்டை கழுவி, உலர்த்தி, வறுக்கப்படுகிறது. காப்பியின் அழற்சி எதிர்ப்புத் தன்மைக்குக் காரணமாகக் கூறப்படும் குளோரோசெனிக் அமிலங்கள் தாவரத்திலேயே உருவாகுபவை. மதுவத்தால் உருவானவை அல்ல.

இட்லி மாவு இதிலிருந்து வேறுபட்டது. நொதித்த மாவு முழுவதும் உண்ணப்படுகிறது. அதைப் பொங்கச் செய்வதில் லியூக்கோனாசுட்டாக் மெசென்டிராய்டிசு என்னும் பாக்டீரியம் முதன்மையானது. மதுவங்களும் அதில் காணப்படுகின்றன. ஆவியில் வேகும்போது இவை இறந்தாலும் பீட்டா-குளுக்கன் எளிதில் சிதைவதில்லை.

மனிதரில் ஆய்வு

2021 இல் ஐக்கிய அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகம் 36 நலமான பெரியவர்களைக் கொண்ட ஆய்வை வெளியிட்டது. தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற நொதித்த உணவுகளை மிகுதியாக உண்டோரிடம் இண்டர்லியூக்கின்-6 உள்ளிட்ட 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. எனினும் இவ்விளைவில் மதுவத்தின் பங்கு தனியே பிரித்து அளக்கப்படவில்லை.

எச்சரிக்கை

சாக்கரோமைசிசு பவுலார்டி என்னும் மதுவம் வயிற்றுப்போக்குக்கு மருந்தாக வழங்கப்படுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் மைய இரத்தக்குழாயில் வடிகுழாய் பொருத்தப்பட்டோருக்கும் உயிருள்ள மதுவம் குருதித் தொற்றை ஏற்படுத்தலாம். குரோன் நோயாளிகள் பலரின் குருதியில் சாக்கரோமைசிசு செரிவிசியேக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. எனவே நொதித்த உணவு நல்லுணவாயினும், மருத்துவர் தரும் அழற்சி மருந்துக்கு மாற்றாகாது.