பச்சை ஆந்தையும் லண்டன் வானொலியும்

ஆங்கிலமே தெரியாதவருக்கு வழி சொல்லிவிடலாம். சரளமாகப் பேசுகிறவருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம். ஒடுகத்தூர், அணைக்கட்டு, மாதனூர் வட்டாரத்தில் இப்படித் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு வேலூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு பட்டம், அதன்பின் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங், சாம்பிள் பிரிவு, மெர்ச்சண்டைசருக்கு உதவி என்று ஒரு வேலை. பையரிடமிருந்து வரும் மெயிலைப் படித்தால் முக்கால்வாசி புரியும். பதில் எழுத அரை மணி நேரம் பிடிக்கும். அதே பையர் நேரில் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஏன் ஷிப்மென்ட் தாமதம் என்று கேட்டால், காரணம் மனதுக்குள் தமிழில் கோவையாக இருக்கும். வாயில் வருவது ‘எஸ் சார்’ மட்டும்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் கொண்டது. மேலே சொன்னவர்கள் மூன்றாவதான பி1-ஐ ஒட்டி நிற்பவர்கள். இலக்கணம் தெரியும், ஆனால் பேசும்போது கைகொடுக்காது. சொற்கள் தெரியும், ஆனால் நேரத்துக்கு நினைவு வராது. இவர்கள் போனில் தேடிப்போகும் இலவச வழிகளில் இரண்டை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, பச்சை ஆந்தையைச் சின்னமாகக் கொண்ட டுவோலிங்கோ செயலி. மற்றது பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், அதிலும் குறிப்பாக ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ என்ற ஒலிநிகழ்ச்சி.

இரண்டும் பிறந்த காலம் வேறு, நோக்கம் வேறு. பிபிசி வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது 1943-இல், உலகப்போரின் நடுவில். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1941-இல், அதன் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. சிற்றலையில் தமிழோசை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த நிறுவனத்தின் குரல் புதிதல்ல. டுவோலிங்கோவை 2011-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லூயிஸ் வான் ஆன், செவரின் ஹேக்கர் இருவரும் தொடங்கினார்கள். வான் ஆன் குவாத்தமாலாவில் பிறந்தவர். ஆங்கிலம் தெரிந்தால் வருமானம் உயரும், ஆனால் அதைக் கற்கவே பணம் வேண்டும் என்ற நிலையைப் பார்த்து வளர்ந்தவர். கற்பது இலவசமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. நம் ஊர்க்காரருக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது.

இரண்டையும் எந்தக் கோலால் அளப்பது? அந்தக் கோல் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார். இலக்கண விதியைச் சொல்லிப் பயிற்சி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ பிள்ளைகள் கையில் கொடுத்து, ஆங்கிலத்தில் யோசித்துத் தீர்க்க வேண்டிய கணக்குகளைத் தந்தார். கவனம் பொருளில் இருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு மனதில் படிகிறது என்பது அவர் கருத்து. 1987-இல் இதை நூலாக எழுதினார். மொழி கற்பிப்போர் உலகெங்கும் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். கற்பவரின் மனம் பொருளில் இருக்கிறதா, வெறும் விடையில் இருக்கிறதா என்பதே அவர் வழியில் கேட்க வேண்டிய கேள்வி. நான் கையில் எடுப்பதும் அதைத்தான்.

முதலில் இலக்கணம். நம்மவர் மெயில்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: ‘வீ ஹேவ் சென்ட் தி சாம்பிள் எஸ்டர்டே.’ நேற்று என்று காலம் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது. ‘வீ சென்ட் தி சாம்பிள் எஸ்டர்டே’ என்பதே சரி. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறோம்’ என்று தாராளமாகச் சொல்லலாம் என்பதால் இந்தப் பிழை உள்ளூரத் தப்பாகவே படாது. டுவோலிங்கோவில் தமிழ் வழியாகவே ஆங்கிலம் கற்கும் பாடம் உண்டு. தமிழ் வாக்கியம் மேலே, ஆங்கிலச் சொற்கள் கட்டம் கட்டமாகக் கீழே. தொட்டுத் தொட்டு வரிசைப்படுத்த வேண்டும். தப்பினால் அந்த நொடியே திருத்தம் வரும். மெயிலைப் பார்த்து உடனுக்குடன் திருத்த ஆளில்லாத இடத்தில் இதன் அருமை பெரிது. ஆனால் கட்டத்தில் ‘ஹேவ்’ இல்லையென்றால் தப்பு செய்யவே வழியில்லை. தேவையான சொற்கள் கண்முன்னால் இருக்கும்போது வாக்கியம் அமைப்பதும், வெள்ளைத் திரையில் தானாக எழுதுவதும் ஒன்றாகிவிடாது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு அது ஊன்றுகோல். இடைநிலைக்கு வந்தவருக்கு அதுவே தடை.

பிபிசி இலக்கணத்தைத் தனியே விளக்கும் நிகழ்ச்சிகளும் வைத்திருக்கிறது. விளக்கம் தெளிவு, எடுத்துக்காட்டு இயல்பு. ஆனால் முழுக்க ஆங்கிலத்தில்தான். தமிழ் பேசுகிறவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்பது லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே இலக்கணத்தைப் பொறுத்தவரை இரண்டுமே அரைகுறை. ரேமண்ட் மர்ஃபி 1985-இல் எழுதிய ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ இடைநிலையினருக்கென்றே எழுதப்பட்டது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. அதன் இந்தியப் பதிப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது இரண்டு திரைகளைவிடவும் பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து.

சொல்வளத்தில் ஆந்தையின் பலம் திரும்பத் திரும்பக் காட்டுவது. மறக்கப்போகும் நேரம் பார்த்து அதே சொல்லை மறுபடி கொண்டுவரும். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தன் மீதே சோதித்து எழுதினார். அந்த அறிவை டுவோலிங்கோ நன்றாகவே பயன்படுத்துகிறது. பிபிசி நிகழ்ச்சியோ ஒரு பொருளை எடுத்து இரண்டு பேர் பேசிக்கொள்வது. தொடக்கத்தில் கேட்பவருக்கு ஒரு கேள்வி போடுவார்கள், விடை கடைசியில்தான். நடுவில் ஆறேழு சொற்கள் பேச்சோடு பேச்சாக வந்து, முடிவில் ஒருமுறை தொகுத்துச் சொல்லப்படும். விடை என்னவாக இருக்கும் என்று மனம் துருவிக்கொண்டே இருக்கும்போது சொற்கள் உள்ளே இறங்குகின்றன. பிரபு சொன்னது இதைத்தான். பேசியது அத்தனையும் எழுத்துவடிவில் இணையதளத்திலேயே கிடைக்கும்.

உச்சரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதிக்கு உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தோல் கம்பெனியில் தினமும் புழங்கும் சொல் ஒன்று: பேட்ச். ஒரே தடவையில் டிரம்மில் போட்டு எடுத்த தோல்களின் தொகுதி ஒரு பேட்ச். தோலின் மேல் நிறம் சீராக ஏறாமல் திட்டாக நிற்கும் குறையும் பேட்ச்தான். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். முன்னதன் முதல் ஒலி தொண்டை அதிர வருவது, பின்னது உதட்டிலிருந்து காற்று வெடித்து வருவது. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பே’. வகுப்பில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்துப் படித்தவர் நாக்கிலும் ஒன்றாகவே வரும். ‘இந்த பேட்ச்சை அனுப்பலாமா’ என்று கேட்கிறாரா, ‘இந்தத் திட்டு இருந்தால் பரவாயில்லையா’ என்று கேட்கிறாரா என்பது எதிரே இருக்கும் ஜெர்மனிக்காரருக்கோ இத்தாலிக்காரருக்கோ விளங்காமல் போனால், அது வெறும் உச்சரிப்புப் பிரச்சினையாக நிற்காது, சரக்குப் பிரச்சினையாகிவிடும். கைப்பைக்கும் முதுகுக்கும் இதே கதை. இரண்டையும் ‘பேக்’ என்றுதான் எழுதுகிறோம்.

ஜிப் என்று நாம் எழுதும் சொல்லின் முதல் ஒலி ‘ஜ’ அல்ல, நாக்கு மேலே முட்டாமல் தேனீபோல ரீங்கரிக்கும் ஒலி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தாய்மொழியிலேயே உண்டு. ஒரே லைனில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு இயல்பாக வரும் ஒலி மற்றவருக்கு வராது. இவர் அவரிடம் கேட்டுப் பழகலாம். அதற்கு எந்தச் செயலியும் வேண்டாம்.

இந்த நுட்பத்துக்கு ஆந்தை என்ன செய்கிறது? திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, மைக்கைத் தொட்டுப் படிக்கச் சொல்கிறது. என்ன சொல்லப்போகிறோம் என்பது அதற்கு முன்பே தெரியும். எதிர்பார்ப்போடு கேட்கும் இயந்திரம் பெரும்பாலும் தாராளமாகவே மதிப்பெண் போடும். முதல் ஒலி மாறினாலும் வாக்கியம் தேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாய் திறக்க வைக்கிறதே, அது பெரிய காரியம். பிபிசி அதுகூடச் செய்யாது. நாம் பேசுவதை அது கேட்கவே கேட்காது.

ஆனால் கேட்கப் பழக்குவதில் பிபிசிக்கு ஈடு இல்லை. ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் யூ’ என்ற வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத்தான் பள்ளியில் படித்தோம். பேச்சில் அது ‘ஐ ஷுடவ் டோல்ஜூ’ என்று ஒரே மூச்சில் வந்துவிடும். ‘ஹேவ்’ தேய்ந்து போகிறது, ‘ட்’டும் ‘யூ’வும் கலந்து ‘ஜூ’ ஆகிறது. பையர் வேகமாகப் பேசுகிறார் என்று நாம் சொல்வதில் பாதி வேகமே அல்ல, இந்தத் தேய்வும் சேர்க்கையும்தான். ‘டிம்ஸ் ப்ரொனன்சியேஷன் வொர்க்ஷாப்’ என்ற பிபிசியின் சிறு காணொலித் தொடர் இதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. ஒருமுறை எழுத்தைப் பார்க்காமல் நிகழ்ச்சியைக் கேட்டு, பிறகு எழுத்துவடிவத்தில் விரலை வைத்துக் கேட்டு, மூன்றாம் முறை பேசுகிறவரோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், சில வாரங்களில் காது திறப்பது தெரியும்.

இரண்டிலும் விட்டுப்போன ஒன்றை நம் போனே செய்து தரும். விசைப்பலகையில் பேசி எழுதும் வசதியை ஆங்கிலத்துக்கு மாற்றி, மேலே சொன்ன இரண்டு பேட்ச்களையும் தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது, கேட்டதை எழுதும். இரண்டுக்கும் ஒரே சொல் வந்து விழுந்தால் எங்கே திருத்த வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

வசதியைப் பற்றிச் சில வார்த்தை. கம்பெனி வேனில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போகும்போது, கண்ணும் விரலும் வேண்டும் செயலியைவிடக் காது மட்டும் போதும் என்ற நிகழ்ச்சி தோதானது. ஒலிக்கோப்பை வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் ஜவ்வாது மலையடிவாரத்தில் சிக்னல் போனாலும் கவலையில்லை. ஆனால் தினமும் விடாமல் வரவைப்பதில் டுவோலிங்கோதான் கெட்டிக்காரர். எத்தனை நாள் தொடர்ச்சியாக வந்தோம் என்ற எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதே என்பதற்காகவே தூங்குமுன் ஒரு பாடம் முடிப்பவர்கள் உண்டு. புள்ளிப் பட்டியலில் முன்னேறுவதற்காகத் தெரிந்த பாடத்தையே திரும்பச் செய்பவர்களும் உண்டு. அவர்கள் படிக்கவில்லை, விளையாடுகிறார்கள். எண்ணிக்கை ஏறுவதை முன்னேற்றம் என்று நம்பிவிடுகிற அபாயம் அங்கே இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. பள்ளி ஆங்கிலமே தடுமாற்றம் என்றால் டுவோலிங்கோவில் சில மாதம் இருங்கள். மெயில் படித்தால் புரிகிற நிலைக்கு வந்துவிட்டவர் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு பிபிசியை முதன்மையாகக் கொள்ள வேண்டும். கேட்ட நிகழ்ச்சியைப் பற்றி நான்கு வாக்கியமாவது சொந்தமாக எழுதி, சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் இரண்டிலும் கிடைக்காதது தொழிலின் ஆங்கிலம். தோலில் கிரெய்ன் தளர்ந்திருக்கிறது, சோல் ஒட்டு விட்டிருக்கிறது, இந்த அளவு வித்தியாசத்தை ஏற்கலாமா என்ற பேச்சை லண்டனும் சொல்லித் தராது, பிட்ஸ்பர்க்கும் சொல்லித் தராது. அது ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி கம்பெனிகளின் பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகளிலும் மெயில்களிலும் ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறது. பையர் பெயரையும் விலையையும் நீக்கிவிட்டு, மாதத்துக்குப் பத்துப் பக்கம் அச்செடுத்து, படிக்க விரும்பும் தொழிலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் கம்பெனிகள் கொடுக்க வேண்டும். அதை வைத்து வாரத்தில் ஒரு மணி நேரம் இரண்டிரண்டு பேராக, ஒருவர் பையராகவும் மற்றவர் பதில் சொல்பவராகவும் பேசிப் பழக இடம் தர வேண்டும். காகிதச் செலவைத் தவிர இதற்கு வேறு செலவில்லை.