சோழி வைத்துக் கணித்த சந்திர கிரகணம்

சனிப்பெயர்ச்சி வந்தால் கூடவே ஒரு வாதமும் வந்துவிடும். வாக்கியப்படியா, திருக்கணிதப்படியா என்று. 2020-ல் சனி மகரத்துக்குப் போகும் நாள் ஜனவரி 24 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கமோ டிசம்பர் 27 என்றது. திருநள்ளாறு கோயிலில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆகவே அங்கே பெயர்ச்சி விழா டிசம்பரில் நடந்தது. வானத்தில் இருப்பது ஒரே சனி. பஞ்சாங்கத்தில் பதினொரு மாத வித்தியாசம்.

அதென்ன 'வாக்கியம்'? பஞ்சாங்கத்துக்கும் வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? இதைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்த கதை புதுச்சேரியில் தொடங்கி பாபிலோன் வரை போகிறது. எத்தனையோ மர்மக் கதைகளைப் படித்திருக்கிறேன். எதுவும் இதற்கு ஈடாகாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு துரதிர்ஷ்டசாலி பிரெஞ்சுக்காரர். பெயர் லெ ஜென்டில். வானியல் அறிஞர். 1761 ஜூன் 6 அன்று சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்து போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக 1760-ல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். அவர் வந்து சேருவதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பிவிட்டது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் நின்று என்ன அளக்க முடியும்? அடுத்த சந்தர்ப்பம் 1769-ல். அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். மனிதர் ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே எட்டு வருஷம் காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து ஆய்வுக்கூடமும் அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4, விடியற்காலை. மேகம் மூடிக்கொண்டது. சுக்கிரன் கடந்து போன பிறகுதான் சூரியன் முகம் காட்டியது. 1771-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தால், இவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, அகாதெமியில் இவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்!

ஆனால் புதுச்சேரியில் இருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. உள்ளூர்த் தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைப் பாடமாகக் கேட்டுக்கொண்டார். காகிதம் இல்லை, பேனா இல்லை. சோழிகளை வைத்து, எடுத்து, நகர்த்தி, கூடவே மனப்பாடமாக எதையோ சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டார்கள். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டு லெ ஜென்டில் ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ் முறைக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 41 விநாடி. அன்றைக்கு ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி போட்டால் வித்தியாசம் 68 விநாடி.

இதைப் படித்ததும் நமக்கு மார்பு விம்முகிறது. விம்மட்டும். ஆனால் ஒரு கிரகணத்தை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. ஏனென்றால் அடுத்த சாட்சி வேறு மாதிரிச் சொல்கிறார்.

அவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் படையில் அதிகாரி. கோலார் பக்கம் தங்கம் கிடைப்பதைப் பற்றி 1802 வாக்கில் அறிக்கை கொடுத்தவரும் இவர்தான். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தையும் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளைப் பற்றி 'கால சங்கலிதம்' என்று ஒரு பெரிய புத்தகம் எழுதி 1825-ல் சென்னையில் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, 1825 மே 31-லிருந்து ஜூன் 1 வரையிலான இரவில் நடக்கும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வித்தியாசம் வந்தது. அவருக்குச் சித்தாந்த நூல்களின் தத்துவம் எதுவும் தெரியாது. இருந்தது அபாரமான ஞாபகசக்தி.

ஏன் என்று தெரியாமலே ஒருவர் கிரகணத்தைச் சொல்ல முடியுமா? முடியும். அங்கேதான் வாக்கியம் வருகிறது.

சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குத் தூரத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 12 பாகை அளவும், பக்கத்தில் வரும்போது 15 பாகை அளவும் நகரும். மெதுவாகப் போகும் இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அதே மந்த நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள். இந்தப் பின்னத்தை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடுவது பெரும் சிரமம். ஆனால் ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள். கிட்டத்தட்ட முழு எண். பிசகு 13 நிமிடம்தான். 110 சுற்று சேர்ந்தால் 3031 நாள். அதில் பிசகு ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று ஒரு தடவை கணித்து வைத்துக்கொண்டால் போதும், அதுவே திரும்பத் திரும்ப வரும். அந்த 248 எண்களையும் எழுத்தாக மாற்றி, நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்கள் கட்டிவிட்டார்கள். 'கடபயாதி' என்று பெயர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண். 'தேவர' என்றால் த வரிசையில் வரும் 'தே'க்கு 8, 'வ'வுக்கு 4, 'ர'வுக்கு 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. எண் மறந்துபோகும், சொல் மறக்காது. கலியுகத் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, பெரிய சுழற்சிகளைக் கழித்து, மிச்சத்தை 3031-ஆலும் பிறகு 248-ஆலும் வகுத்தால், கடைசியில் மிஞ்சும் எண்தான் சொல்ல வேண்டிய வாக்கியம். வகுக்கவும் கூட்டவும் சோழி. மற்றது மனப்பாடம். இந்த வாக்கியங்களால்தான் அது வாக்கியப் பஞ்சாங்கம்.

இனி மர்மத்துக்கு வருகிறேன். ஆஸ்திரியாவில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் ஆட்டோ நாய்கெபாவர். பாபிலோனியர்களின் களிமண் பலகைகளில் இருக்கும் வானியல் கணக்குகளைப் படிப்பதே அவர் வாழ்நாள் வேலை. வாரனின் புத்தகத்தில் அந்தப் புதுச்சேரிக் கணக்கைப் பார்த்த அவர், 1952-ல் 'தமிழ் வானியல்' என்று ஒரு கட்டுரையே எழுதினார். காரணம், 248 என்ற அந்த எண் அவருக்கு ஏற்கெனவே அறிமுகமானது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டு மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த பாபிலோன் பலகைகளில் அதே 248 நாள் சுழற்சி இருந்தது. எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டரில் இருக்கும் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் 248-உம் 3031-உம் இருந்தன. ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியின் வராகமிகிரர் எழுதிய பஞ்ச சித்தாந்திகையிலும் இருந்தன. அந்த வரிசையின் கடைசிக் கண்ணி, 1825-ல் சோழியோடு தரையில் உட்கார்ந்திருந்த நம் பஞ்சாங்கக்காரர்.

பாபிலோனில் அந்தப் பலகைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் மறைந்து ஏறக்குறைய பதினெட்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இயேசு சபைப் பாதிரியார்கள் சிலர் உட்கார்ந்து அவற்றை மறுபடி படித்த பிறகுதான் அப்படியொரு கணிதம் இருந்ததே உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே புதுச்சேரியில் அந்தச் சுழற்சியை வைத்து ஒருவர் கிரகணம் சொல்லிக்கொண்டிருந்தார்!

அந்த எண்கள் யார் மூலம், எந்த வழியாக வந்தன? தனியாகவே நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். சந்திரன் எல்லோருக்கும் பொது. 248 நாள் எங்கிருந்து பார்த்தாலும் 248 நாள்தான். ஆனால் வேறு தடயங்களும் இருக்கின்றன. வராகமிகிரர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ஒன்றின் பெயரே ரோமக சித்தாந்தம். நாம் தினமும் சொல்கிற ஓரை, ஜாதகத்தில் பார்க்கிற கேந்திரம், இரண்டும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. மிளகு ஏற்றிப் போன காலத்தில் கணக்கும் வந்திருக்கிறது என்று நினைக்கத்தான் இடமிருக்கிறது. வந்த எண்ணை வைத்து வாக்கியம் கட்டியதும், தலைமுறை தலைமுறையாக ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியதும் தென்னாட்டார் செய்த காரியம். பெருமைப்பட அது போதும். "எல்லாமே நம்மிடமிருந்துதான் போயிற்று" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது தேவையில்லை.

மனப்பாடத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் கணக்குத் தப்பிவிடும் என்பதால் மாற்றவே கூடாது என்று வைத்தார்கள். அதனால்தான் நிலைத்தது. அதனாலேயே திருத்தப்படாமலும் போனது. ஏன் என்று தெரியாதவர் எப்படித் திருத்துவார்? சிறு பிசகுகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தன. சனி பதினொரு மாதம் தள்ளிப் போனது அப்படித்தான்.

திருத்த வேண்டும் என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தவரும் உண்டு. சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். வானத்தைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்யுங்கள் என்று பஞ்சாங்கக்காரர்களிடம் மன்றாடினார். தாமே திருத்திய பஞ்சாங்கமும் போட்டார். லெ ஜென்டில் ஏமாந்த அந்தச் சுக்கிரன் மறுபடி சூரியனைக் கடந்த 1874-ல், ஜனங்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகள் பலவற்றில் சிறு நூல் வெளியிட்டார்.

திருநள்ளாற்றில் எந்தத் தேதியில் விழா நடத்துவது என்பது அந்தக் கோயிலின் மரபு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சனி இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருக்கணிதத்தைப் பார்ப்பதே சரி. நம்மிடம் என்ன இருந்தது, அதை எப்படிக் காப்பாற்றினோம் என்று கேட்டால் வாக்கியத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் சிலருடைய தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பஞ்சாங்கம் கணித்தவராக இருக்கலாம். பரணில் அவருடைய ஓலைச்சுவடியோ, அர்த்தமில்லாத சொற்களை வரிசையாக எழுதி வைத்த பழைய நோட்டோ கிடக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சை சரசுவதி மகாலிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.