பென்சிலுக்கு முன்னால் பந்து



மூன்று வயது முடிந்ததுமே, "இன்னும் எழுத வரல டாக்டர், பென்சிலே பிடிக்க மாட்டேங்கிறான்" என்று பிள்ளையை ஓபிக்குத் தூக்கி வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "பந்து எறிவானாம்மா?"

பல பேர் சிரிச்சுடுவாங்க. எழுத்துக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்னு. இருக்குங்க. அதுக்குப் பின்னாடி நூற்றி எண்பது வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல். 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தவர். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்ய ஆரம்பித்தார். 1840-ல் அந்த முயற்சிக்கு அவர் வைத்த பெயர்தான் கிண்டர்கார்டன். நம்ம எல்கேஜி, யுகேஜியில் வர்ற "கேஜி" இவர் கொடுத்தது.

அவர் செய்த பொருட்களுக்குப் "பரிசுகள்" என்று பெயர். வரிசை எண்ணும் உண்டு. முதல் பரிசு என்ன தெரியுமா? ஆறு கம்பளிப் பந்துகள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. மெத்துன்னு, பிள்ளை கைக்கு அடங்குற அளவு. கூடவே ஒரு நூல்.

அந்த நூலைத்தான் நான் ரொம்ப ரசிக்கிறேன். கைக்குழந்தையால் ஓடிப்போய்ப் பந்தை எடுக்க முடியாது. அதனால் அம்மா நூலைப் பிடித்துப் பந்தை ஆட்டுவார், இறக்குவார், ஒளிப்பார், பாட்டுப் பாடுவார். பிள்ளை கண்ணால் தொடரும், எட்டிப் பிடிக்கும், விடும். இன்னைக்கு நாங்க கண்–கை ஒருங்கிணைப்புன்னு சொல்றோமே, அதுக்கான பயிற்சி அப்படியே இதுல இருக்கு.

ஃப்ரோபெல் சொன்ன காரணம் வேறு. பந்து பிரபஞ்சத்தின் முழுமைக்கு அடையாளமாம். அந்தத் தத்துவம் எனக்கு ஒட்டலை. ஆனா கையில் கொடுத்த பொருள் சரியான பொருள்.

1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனையே தடை செய்தது! நாத்திகம், சோஷலிசம் என்று குற்றச்சாட்டு. கார்ல் ஃப்ரோபெல் என்ற அண்ணன் மகன் எழுதிய நூலை, இவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் விளக்கம் சொல்லியும் எடுபடவில்லை. அடுத்த வருஷமே இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல்.

அதற்குள் விதை கடல் தாண்டியிருந்தது. 1856-ல் மார்கரெத்த ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில், தன் மகளையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் வைத்து ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார்.

அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1930களில் மோனிகா வைல்ட் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் பந்து எறிவதைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அவர் பிரித்த நான்கு நிலைகளை உங்க வீட்டிலேயே பார்க்கலாம்.

இரண்டு, மூன்று வயதில் கை மட்டும்தான் முன்னும் பின்னும் போகும். உடம்பு திரும்பாது, கால் நட்ட மரம். மூன்றரை வயதுக்கு மேல் இடுப்புக்கு மேலே உடம்பு திரும்பும், கால் மட்டும் நகராது. ஐந்து, ஆறு வயதில் ஒரு கால் முன்னால் வரும். ஆனா எறியும் கையின் பக்கத்துக் காலே வரும். பார்க்கக் கோணலா இருக்கும், திட்டாதீங்க. ஆறரை வயதுக்கு மேல்தான் வலது கை எறிய, இடது கால் முன்னே வரும்.

வளர்ச்சி உடம்பின் நடுவில் ஆரம்பித்து விரல் நுனிக்குப் போகிறது. முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். உடம்பையே திருப்பி எறியத் தெரியாத பிள்ளையிடம் நாலு கோடு நோட்டுக்குள்ள "அ" எழுதச் சொன்னா அது எங்க போகும்?

1967-ல் ஃப்ராங்கன்பர்க், டாட்ஸ் இருவரும் டென்வர் வளர்ச்சிப் பரிசோதனையை வெளியிட்டார்கள். பந்தை உதைப்பதும், கையை மேலே தூக்கி எறிவதும் அதில் இடம்பெற்றன. பரிசா ஆரம்பிச்ச பந்து பரீட்சைக் கேள்வி ஆயிடுச்சு. எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம். மார்க் போட மட்டும் பந்தை எடுக்கிறோம், கையில் கொடுக்க மறந்துட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. ஒரு வயசுக்குள்ளேயே பிள்ளை எப்பவும் ஒரே கையால் மட்டும் பந்தை எட்டிப் பிடிச்சா, "இடது கைப் பழக்கம்"னு விட்டுடாதீங்க. இன்னொரு கையில் பலவீனம் இருக்கலாம். டாக்டரிடம் காட்டிடுங்க.

மற்றபடி, மூன்று வயசுப் பிள்ளை பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கும். அது பயம், நோய் இல்லை. கனமான பந்து வேண்டாம். பழைய துணியைச் சுருட்டிக் கட்டின பந்து போதும். முதல்ல தரையில் உருட்டுங்க. அப்புறம் இரண்டடி தூரத்தில் நின்னு மெதுவா போடுங்க. நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சாலும் பிடிச்சதுதான்.

இன்னைக்குச் சாயங்காலம் ஒரு பந்தைக் கொடுத்துப் பாருங்க. எந்தக் கால் முன்னால் வருதுன்னு, பிள்ளையின் வயசோட கமெண்டில் எழுதுங்க.