பிள்ளைகளுக்கு ஓர் இல்லம்



தாய் தந்தையை இழந்த பிள்ளையை யார் வளர்ப்பது? நம் தோட்டங்களில் இக்கேள்விக்கு நெடுங்காலமாக விடை ஒன்றே. பாட்டி வளர்ப்பாள், பாட்டி இல்லையேல் சித்தி வளர்ப்பாள், உறவே இல்லையென்றால் லயத்தில் பக்கத்து வீட்டு அக்காள் தன் பிள்ளைகளோடு சேர்த்துச் சோறு போடுவாள். இந்த ஏற்பாடு எப்போது போதாமற் போயிற்று என்பதையும், பிறகு என்ன வழிகள் காணப்பட்டன என்பதையும் இன்று பார்ப்போம்.

1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைத்தது. அவ்வேலைக்கு மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டு செல்லப்பட்டதாகப் போருக்குப் பின் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன. இங்கே எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் காத்தனர். ஒரே லயத்தில் பல வீடுகள் ஒரே நேரத்தில் ஆண் துணையை இழந்தபோது, அடுத்த வீட்டாரும் அதே நிலையில்தான் இருந்தனர். யார் யாருக்கு உதவுவது?

போர் முடிந்ததும், 1946 இல், மலாயாவில் சமூகநல இலாகா அமைக்கப்பட்டது. அரசாங்கம் ஒருபுறம் இருக்க, நம்மவரும் முன்வந்தனர். 1949 இல் சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தை நிறுவினார். கோலாலம்பூர் பூச்சோங் சாலை ஆறாவது மைலில் அதன் இல்லம் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அங்குக் கிடைத்தன. 1961 இல் சுவாமி மறைந்த பிறகு, சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம் அப்பொறுப்பைத் தாங்கினார். இன வேறுபாடின்றிப் பிள்ளைகளை வளர்த்த அவருக்கு 2010 இல் மெர்டேக்கா விருது வழங்கப்பட்டது. அவர் 2023 ஜூன் மாதம் தமது 97 ஆம் வயதில் காலமானார்.

இப்போது இங்கிலாந்துக்குச் சற்றுச் செல்வோம். எஃகுத் தொழிலுக்குப் பேர் போன ஷெஃபீல்டு நகரில், ஏழைப் பிள்ளைகள் பெரியவர்களோடு ஏழையர் விடுதியில் அடைபட்டுக் கிடந்தனர். 1893 இல் அந்நகரத்தார் ஒரு மாற்றம் செய்தனர். நகரின் வெவ்வேறு தெருக்களில் சாதாரண வீடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சில பிள்ளைகளை ஒரு வளர்ப்புத் தாயின் கவனிப்பில் விட்டனர். அப்பிள்ளைகள் அக்கம் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்குச் சென்றனர். 1930 இல் இத்தகைய பணிகள் நகராட்சிகளின் கைக்கு வந்தன. 1948 ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றமும் குழந்தைகளுக்கெனத் தனிக்குழு வைக்கவேண்டும் என்றது.

ஆனால், சட்டம் வந்துவிட்டதால் தீமை ஒழிந்துவிடவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்து இல்லங்களில் பிள்ளைகளைத் தனி அறையில் நாட்கணக்கில் அடைத்து வைத்ததை 1991 இல் வெளியான விசாரணை அறிக்கை அம்பலப்படுத்தியது. அந்த இல்லங்களை நடத்தியதும் உள்ளூராட்சி மன்றமே. பிள்ளையின் சொல்லைக் கேட்க ஆளில்லாத இடத்தில் நல்ல கட்டடமும் சிறைதான்.

நம் நாட்டிலும் 1993 ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், அதிகாரிகள் சோதனையிடலாம். 2001 ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பிள்ளைகளின் பாதுகாப்பை மேலும் வகுத்துரைக்கிறது. ஆகவே ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்குமுன், அது பதிவு பெற்றதா என்று சமூகநல இலாகாவில் கேட்டறிவது நம் கடமை.

இன்னும் இரண்டு செய்திகளை மனத்தில் வைப்போம். ரவாங் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் சிதறியபோது, பல வீடுகளில் பத்திரங்களும் தொலைந்தன. 'சூராட் பெரானாக்' என்னும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்வதிலிருந்து அடையாள அட்டை பெறுவது வரை எல்லாமே தடை. தாய் இருக்கும்போதே பெறவேண்டிய பத்திரத்தை, அவள் போன பிறகு தேடுவது பெரும்பாடு. பிறந்த பிள்ளையைக் காலத்தில் பதிவு செய்வோம்.

மற்றொன்று, பிள்ளையை இல்லத்தில் விட்டதோடு உறவு முடிந்துவிடாது. அண்ணனையும் தங்கையையும் ஒரே இடத்தில் வைக்கும்படி கேட்கலாம். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துவர அனுமதி கேட்கலாம். பாட்டியே வளர்க்க முன்வந்தால், அவளுக்கு உதவித்தொகை கிடைக்குமா என்று விசாரித்து, மனு எழுதித் தரலாம். தமக்கென்று வந்து பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும்.